லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்களுக்கு

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேத வாசிப்பைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோர் பெயரையும் விட்டுவிட்டோம்.

ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் ஆதியாகமத்தில் தொடங்குகிறேன். நாளுக்கு மூன்று அதிகாரம். யோசேப்பு கதை வரை வேகமாக ஓடுகிறது. பிப்ரவரி பிறந்ததும் நின்றுவிடுகிறது. வருஷா வருஷம் இதே கதை. எனக்கு விசுவாசம் குறைவா ஐயா?
*– வங்கி ஊழியர், திருநெல்வேலி*

விசுவாசத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் கணக்கைப் பாருங்கள். ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. நாளுக்கு மூன்று வீதம் ஜனவரி 30-இல் இரண்டும் முடிந்துவிடும். அதற்கு முன்பே, 25-ஆம் தேதி, யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்துக்கு வந்து நிற்பீர்கள். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் நீளம், அகலம், பலகை, பாதம், கொக்கி, திரை. 25 முதல் 31 வரை ‘இப்படிச் செய்’ என்ற கட்டளை. 35 முதல் 40 வரை ‘அப்படியே செய்தார்கள்’ என்று ஏறக்குறைய அதே விவரம் மறுபடியும். அது முடிந்த மறுநாள் லேவியராகமம்: ஏழு அதிகாரங்களுக்கு ஐந்து வகைப் பலிகள், பிறகு 13, 14-இல் தோல் நோயும் சுவரில் படரும் பூஞ்சையும். வழிகாட்ட யாரும் இல்லாமல் இதற்குள் நுழைகிற எவருக்கும் கால் தடுக்கும். நீங்கள் வருஷா வருஷம் நிற்பது ஒரே இடத்தில் என்பதே, பிரச்சினை இடத்தில் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

இன்னொரு கணக்கும் உண்டு. புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று வாசித்தால் வருஷத்துக்கு 1,199 வரும். கையிருப்பு பத்தே அதிகாரம். நாலு நாள் காய்ச்சலில் படுத்தால் அது காலி. அதன்பிறகு ஓட்டம் முழுக்கப் பாக்கியை அடைப்பதற்குத்தான். ஆறு நாள் பாக்கி சேர்ந்தால் பதினெட்டு அதிகாரம். அதை ஒரே இரவில் யாரும் வாசிப்பதில்லை, கண்ணைத்தான் ஓட்டுகிறார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842-இல் தன் சபைக்குத் தயாரித்துக் கொடுத்த வாசிப்பு அட்டவணை இன்றும் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது: பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. அதைக் கொடுக்கும்போதே அதில் உள்ள ஆபத்துகளையும் அவர் எழுதிவைத்தார். சடங்காகிவிடும், சுயநீதி வரும், கவனமில்லாமல் ஓடுவீர்கள், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகும் என்று. அட்டவணையை அச்சடித்துக் கொடுக்கிற பலர் அந்த எச்சரிக்கையை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

உங்களுக்கு நாங்கள் சொல்வது இது. இந்த வருஷம் முழு வேதாகமத்தையும் முடிக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். நாளுக்கு ஒரே அதிகாரம், வாரத்தில் ஐந்து நாள். வரிசை: மாற்கு (16), ஆதியாகமம் (50), யாத்திராகமம் 1–20, பிறகு 32–34 (23), ரூத் (4), 1 சாமுவேல் (31), 2 சாமுவேல் (24), லூக்கா (24), அப்போஸ்தலருடைய நடபடிகள் (28), பிலிப்பியர் (4), யாக்கோபு (5). மொத்தம் 209 அதிகாரம். 42 வாரத்தில் முடியும். வருஷத்தில் பத்து வாரம் மிச்சம் இருக்கிறது. பரீட்சை, கல்யாணம், காய்ச்சல் எல்லாம் அதற்குள் அடங்கும்.

தவறிப்போன நாளைப் பிடிக்கப் போகவே கூடாது. செவ்வாய் விட்டுப்போனால் புதன்கிழமை செவ்வாயின் அதிகாரத்தை வாசியுங்கள், அவ்வளவுதான். அட்டவணையில் தேதி எழுதாமல் கட்டம் மட்டும் போட்டு டிக் அடித்துக்கொண்டு போனால் ‘பின்தங்கிவிட்டேன்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்த வருஷம் லேவியராகமத்துக்கு வாருங்கள், ஆனால் முதல் அதிகாரத்தில் தொடங்காதீர்கள். முதலில் 19. கூலி, தராசு, செவிடன், குருடன், அந்நியன், வயலின் ஓரத்தில் ஏழைக்கு விடும் கதிர் என்று அன்றாட வாழ்க்கை முழுக்க அதில் இருக்கிறது. ‘உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக’ என்பதும் அங்கேதான், 18-ஆம் வசனத்தில். பிறகு 16 (பாவநிவாரண நாள்), 23 (பண்டிகைகள்), 25 (யூபிலி என்ற ஐம்பதாம் வருஷ விடுதலை). இவற்றை வாசித்த பிறகு 1 முதல் 7 வரை திரும்பிப் போனால், அந்தப் பலிகள் எதற்கு என்று உங்களுக்கே பிடிபடத் தொடங்கும்.

புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11, ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு’ என்ற வசனம். மகனுக்கு வேலை கிடைக்கும் என்று பிடித்துக்கொண்டேன். டிசம்பர் வந்துவிட்டது, கிடைக்கவில்லை. வசனம் பொய்க்குமா?
*– இல்லத்தரசி, தூத்துக்குடி*

வசனம் பொய்க்கவில்லை அம்மா. அட்டையில் அதற்கு முந்தின வசனம் இல்லை, அதுதான் விஷயம்.

பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், யூதாவின் ராஜா எகொனியாவையும் எருசலேமின் தொழிலாளிகளையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போன பிறகு, அங்கே இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. 28-ஆம் அதிகாரத்தை முதலில் வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி, எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தை எடுத்து உடைத்து, ‘இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள்’ என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொன்னார். அதுவும் கர்த்தருடைய பெயரில்தான். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! எரேமியா எழுதியதோ நேர்மாறு: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள். ஏனென்றால் (10-ஆம் வசனம்) எழுபது வருஷம் ஆகும். அதற்குப் பிறகுதான் ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு’ என்ற 11-ஆம் வசனம் வருகிறது. கடிதத்தை முதலில் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலேயே பாபிலோனில் கண்மூடியிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்று சொல்லப்பட்டது.

ஆகவே அந்த வசனம் உங்கள் மகனுக்கு உதவாதா? உதவும், வேறு விதமாக. காத்திருக்கிற காலத்தில் வாழ்க்கையை நிறுத்திவைக்காதே என்பது அந்தக் கடிதத்தின் சாரம். வேலைக்கு மனுப்போடுவது தொடரட்டும்; கிடைத்த சிறு வேலையைச் செய்யட்டும்; இருக்கிற ஊருக்குப் பயன்படட்டும். டிசம்பருக்குள் என்ற கெடு அனனியாவின் பேச்சில்தான் இருக்கிறது.

அட்டையைக் கிழிக்க வேண்டாம். இனி எந்த அட்டை வந்தாலும் மூன்று காரியம் செய்யுங்கள்: வசனத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து வசனம் வாசியுங்கள், சொன்னவர் யார், கேட்டவர் யார், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று அட்டையின் பின்புறம் ஒரு வரி எழுதுங்கள், அதில் நிபந்தனையோ கட்டளையோ இருந்தால் அதையும் எழுதுங்கள். கடிகாரத்திலும் காலண்டரிலும் காணும் பிலிப்பியர் 4:13-க்கும் இதே சோதனை வையுங்கள். ‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்பதற்கு முந்தின இரண்டு வசனங்களில் பவுல் பேசுவது பட்டினியையும் நிறைவையும் தாங்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி. பரீட்சையில் முதல் ரேங்க் வாங்குவது அங்கே பேச்சிலேயே இல்லை.

நான் ஆர்.சி., அவர் சி.எஸ்.ஐ. வீட்டில் இரண்டு வேதாகமம். சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தால் புத்தகப் பெயரே ஒத்துப்போகவில்லை.
*– ஆசிரியை, நாகர்கோவில்*

புதிய ஏற்பாட்டில் உங்களுக்குள் சண்டையே இல்லை. இரண்டிலும் அதே 27 நூல்கள், அதே வரிசை. அங்கே தொடங்குங்கள். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871-இல் வெளியான மொழிபெயர்ப்பின் வழி வந்தது. உங்களுடையது 1995-இல் வந்த திருவிவிலியம். அவருடைய அப்போஸ்தலருடைய நடபடிகள் உங்களுக்குத் திருத்தூதர் பணிகள். யாத்திராகமம் – விடுதலைப் பயணம். உபாகமம் – இணைச் சட்டம். சங்கீதம் – திருப்பாடல்கள். பிரசங்கி – சபை உரையாளர். ஒரு தாளில் இரண்டு பட்டியலையும் பக்கம் பக்கமாக எழுதி இரு புத்தகத்தின் முன்னட்டைக்குள்ளும் ஒட்டிவிடுங்கள். ஒரு மாதத்தில் தாள் தேவைப்படாது.

பழைய ஏற்பாட்டில் அவருக்கு 39, உங்களுக்கு 46. கூடுதல் ஏழு: தோபித்து, யூதித்து, மக்கபேயர் இரண்டு நூல்கள், சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு. எஸ்தரிலும் தானியேலிலும் சில பகுதிகளும் கூட. 1546-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் இவற்றைத் திருநூல் வரிசையில் உறுதிசெய்தது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரோ 1534-இல் வெளியிட்ட தன் ஜெர்மன் வேதாகமத்தில் இவற்றைத் தனியே பிரித்துவைத்தார். ஆனால் வாசிக்கப் பயனுள்ளவை, நல்லவை என்று சொல்லித்தான் வைத்தார். அதனால் சீராக் 6-ஆம் அதிகாரத்தில் நட்பைப் பற்றி வரும் பகுதியை நீங்கள் வாசிக்க, அவர் கேட்பதில் எந்த லூத்தரனுக்கும் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை.

நடைமுறை: ஒரு நாள் அவர் புத்தகத்திலிருந்து அவர் சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் உங்களுடையதைத் திறந்துவைத்துக் கேளுங்கள். மறுநாள் மாற்றுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே நேரத்தில் வாசிக்க முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த நற்செய்தி என்று தீர்மானிக்க முடியாவிட்டால் உங்கள் திருப்பலி வாசக ஆண்டைப் பின்பற்றலாம்: முதலாம் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா.

இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம், நாற்பது நிமிஷம். சின்னவளுக்கு ஆறு வயது, தூங்கிவிடுகிறாள். பெரியவனுக்குப் பதின்மூன்று, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். அடித்து உட்கார வைக்கலாமா?
*– குடும்பத் தலைவர், மதுரை*

வேண்டாம். நேரத்தை மாற்றுங்கள், நீளத்தை வெட்டுங்கள்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி தூங்கும் நேரம். அவள் சரியாகத்தான் நடந்துகொள்கிறாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், ஏழரை மணிக்கு வையுங்கள். பசி இருக்கும், ஆனால் விழித்திருப்பார்கள். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். ஒரு பாட்டு, இரண்டு சரணம் போதும். பத்துப் பன்னிரண்டு வசனம் வாசிப்பு. ஒரே ஒரு கேள்வி. ஆளுக்கு ஒரு வாக்கிய ஜெபம், கடைசியில் பரமண்டல ஜெபம். முடிந்தது.

வாசிப்புக்கு யோனாவிலிருந்து தொடங்குங்கள்: நாலு அதிகாரம், 48 வசனம், நாலைந்து இரவு. அடுத்து ரூத், 85 வசனம், எட்டு இரவு. பிறகு மாற்கு, கடல் கொந்தளிப்பு (4:35–41) ஏழே வசனம், ஒரு இரவுக்கு அளவு. தாவீது–கோலியாத் அதிகாரத்தை (1 சாமுவேல் 17) ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள், 58 வசனம்; மூன்று இரவாகப் பிரித்து, கோலியாத் சவால் விடும் இடத்தில் முதல் இரவை நிறுத்துங்கள். மறுநாள் பிள்ளைகளே புத்தகத்தை எடுத்து வருவார்கள். வம்ச வரலாறுகள் குடும்ப ஜெபத்துக்கு வேண்டாம். அவற்றுக்கு வேறு இடம் இருக்கிறது.

கேள்வி கேட்கும்போது பள்ளிக்கூடப் பரீட்சைக் கேள்வி கேட்காதீர்கள். ‘நினிவேயின் நீளம் எத்தனை நாள் பயணம்?’ என்று கேட்டால் பெரியவன் மூன்று நாள் என்பான், மூடிக்கொள்வான். ‘நினிவேயைக் கடவுள் அழிக்காமல் விட்டதும் யோனாவுக்கு ஏன் கோபம்? அவன் கோபம் நியாயமா?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் புத்தகமே ஒரு கேள்வியோடுதான் முடிகிறது: லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மனுஷரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நகரத்துக்காக நான் பரிதபிக்கக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதியில்லை. பதின்மூன்று வயதுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. பதில் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் திருத்தாமல் விடுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். தகப்பன்மார் குடும்ப ஜெபத்தில் பிள்ளையைப் பற்றிக் கடவுளிடம் புகார் சொல்வது நம் வீடுகளில் பழக்கமாகிவிட்டது. ‘ஆண்டவரே, இந்தப் பிள்ளை மொபைலைத் தூக்கி எறிந்துவிட்டுப் படிக்க நல்ல புத்தி தாரும்.’ கண்ணை மூடிக்கொண்டு திட்டினால் அது ஜெபமாகாது. பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். புகாரை நேரில், வேறு நேரத்தில், அவனிடமே சொல்லுங்கள். ஜெபத்தில் உங்கள் குறை ஒன்றைச் சொல்லுங்கள், நிமிர்ந்து பார்ப்பான்.

மளிகைக் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறக்குமுன் ஒரு அதிகாரம் வாசிக்கிறேன். ஷட்டரைத் தூக்கிய பிறகு வாசித்ததற்கும் வியாபாரத்துக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. எப்படி இணைப்பது?
*– வியாபாரி, திண்டுக்கல்*

இப்படிக் கேட்கிறவர்கள் குறைவு, அதனால் கொஞ்சம் விரிவாகவே.

வாசித்து முடித்ததும் ‘நல்லவனாக இருப்பேன்’ என்று தீர்மானம் எடுத்தால் பத்து மணிக்கு முதல் லாரி வரும்போது அது காணாமல் போய்விடும். தீர்மானம் ஒரு பொருளைத் தொட வேண்டும்: தராசு, கணக்கு நோட்டு, சம்பளக் கவர். ஒரு வாரத்துக்கு ஒரு பகுதி, அதிலிருந்து கடையில் கையால் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம் என்று வையுங்கள்.

முதல் வாரம்: லேவியராகமம் 19:35–36, நீதிமொழிகள் 11:1. ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்.’ உங்கள் எலக்ட்ரானிக் தராசின் முத்திரைத் தேதியைப் பாருங்கள். சட்டப்படி எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை மறுமுத்திரை வேண்டும். எடைக்கற்களுக்கும் கைத்தராசுக்கும் 24 மாதம். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. அடுத்து, தட்டோ டப்பாவோ வைத்து எடை போடும்போது அதன் எடையைக் கழிக்கிற பொத்தானை அழுத்துகிறீர்களா என்று பாருங்கள். இருபது கிராம் டப்பாவைக் கழிக்காமல் கால் கிலோ முந்திரி நிறுத்தால் வாங்குகிறவருக்கு 230 கிராம்தான் போகிறது. ‘எல்லாக் கடையிலும் இப்படித்தான்’ என்பது ஆமோஸ் தீர்க்கதரிசியின் காலத்திலும் சொல்லப்பட்டிருக்கும். ஆமோஸ் 8:5-ஐ வாசியுங்கள், மரக்காலைக் குறைத்து, கள்ளத்தராசு வைத்தவர்கள் ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்றுதான் காத்திருந்தார்கள்.

இரண்டாம் வாரம்: லேவியராகமம் 19:13, உபாகமம் 24:14–15, யாக்கோபு 5:4. கூலிக்காரன் கூலி இரவு முழுக்க உங்களிடம் தங்கக் கூடாது. மூட்டை இறக்குகிறவருக்கு ‘நாளைக்கு வாங்கிக்கோ’ என்று சொல்வதை நிறுத்துங்கள். சாயங்காலக் கல்லாவில் சில்லறை இல்லை என்பதுதான் வழக்கமான சாக்கு; காலையிலேயே அவர் கூலியைத் தனிக் கவரில் போட்டுவையுங்கள்.

மூன்றாம் வாரம்: கடன் நோட்டு. யாத்திராகமம் 22:25–27. ஏழைக்குக் கொடுத்த கடனில் வட்டி கூடாது. அடகு வாங்கிய போர்வையைப் பொழுது போகுமுன் திருப்பிக் கொடு, அவன் வேறு எதைப் போர்த்திப் படுப்பான் என்று கேட்கிறது. நோட்டைப் புரட்டி, இனி தர வழியே இல்லாத ஒரு பெயரை நீங்களே அடித்துவிடுங்கள்.

நான்காம் வாரம்தான் கஷ்டம். லேவியராகமம் 6:1–5-இல், ஏமாற்றி எடுத்ததை முழுவதும் திருப்பி, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒருவரிடம் 500 ரூபாய் அதிகம் வாங்கியிருந்தால் 600 திரும்பிப் போக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு லூக்கா 19-ஐ வாசியுங்கள். ஜனங்களிடம் வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். உங்கள் 500-க்கு அவன் கணக்கில் 2,000. ஆடு திருடினவனுக்குச் சொன்ன அபராதத்தை (யாத்திராகமம் 22:1) அவன் தனக்குத் தானே விதித்துக்கொண்டான். ‘நான் திருடன்’ என்று ஒப்புக்கொண்ட கணக்கு அது. நஷ்டப்பட்டவர் யார் என்றே தெரியாவிட்டால்? எண்ணாகமம் 5:8-இல் வாங்கிக்கொள்ள இனத்தான் இல்லாதபோது அது கர்த்தருக்கு உரியது என்று இருக்கிறது. நடைமுறையில் அந்தப் பணம் ஏழைக்குப் போகட்டும். தயவுசெய்து அதைக் கொண்டு ஆலயத்தில் ஃபேன் வாங்கி, இறக்கையில் உங்கள் பெயர் எழுதாதீர்கள்.

மகனுக்குப் பெண் பார்க்கிறோம். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. ‘உங்கள் பிள்ளைக்கு நாங்கள் செய்வதைச் செய்வோம்’ என்கிறார்கள். வேதத்திலேயே பார்வோன் தன் மகளுக்குச் சீதனம் கொடுத்தானே, வாங்கினால் தவறா?
*– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், சென்னை*

1 இராஜாக்கள் 9:16-ஐச் சொல்கிறீர்கள். பார்வோன் கேசேர் பட்டணத்தைப் பிடித்து, சுட்டெரித்து, சாலொமோனின் மனைவியான தன் மகளுக்குக் கொடுத்தான். இரண்டு ராஜாக்களுக்கு இடையே நடந்த அரசியல் அது; சாதாரண இஸ்ரவேல் வீட்டில் வழக்கம் வேறு. அங்கே பரிசம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போனது. யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருஷம் உழைத்தான். யாக்கோபின் மகள் தீனாளைப் பெண்கேட்ட சீகேம், பரிசம் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள் என்றான் (ஆதியாகமம் 34:12). தகப்பன் பெண்ணுக்குக் கொடுத்ததும் உண்டு: காலேபின் மகள் அக்சாள் நிலத்தையும் நீரூற்றுகளையும் கேட்டு வாங்கினாள் (யோசுவா 15:18–19). கேட்டவள் அவள், பெற்றவளும் அவள். மாமனார் மாமியார் அந்தப் பத்தியில் எங்குமே இல்லை. ராகேலும் லேயாளும் தங்கள் தகப்பனைப் பற்றிச் சொன்ன குறையையும் வாசியுங்கள் (ஆதியாகமம் 31:15): எங்களை விற்று அந்தப் பணத்தையும் தின்றுவிட்டார் என்றார்கள். பெண்ணை முன்னிட்டு வந்த பணம் வேறு கைக்குப் போவதை அவர்கள் அநியாயம் என்றே பார்த்தார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். குறைந்தது ஐந்தாண்டு சிறை. கேட்காமல் கொடுக்கும் அன்பளிப்புக்கு விலக்கு உண்டு. ஆனால் பெண் வீட்டார் கொடுப்பது வழக்கமான பொருளாக, அவர்கள் வசதிக்கு மீறாததாக இருக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டின் விதிகள்படி பட்டியலும் எழுத வேண்டும்: பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை, மணமக்கள் கையெழுத்து. அந்தப் பட்டியலை எத்தனை கிறிஸ்தவக் கல்யாணத்தில் எழுதுகிறார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

‘நாங்கள் கேட்கவில்லை’ என்பதோடு நிற்காதீர்கள். கேட்காமலே எதிர்பார்க்கிற கலையில் நாம் தேர்ந்தவர்கள். ஆலயத்தில் கல்யாண அறிவிப்பான முதல் ஓலை வாசிப்பதற்கு முன்னால், இரு வீட்டாரும் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்: பணம் வேண்டாம், வாகனம் வேண்டாம், பெண்ணுக்கு நீங்கள் போடும் நகை அவள் பெயரில், அவள் லாக்கரில் இருக்கும், கல்யாணச் செலவு பாதிப் பாதி. அதன்பிறகு உங்கள் சொந்தக்காரர்கள் நகையை எண்ண வந்தால் யாக்கோபு 2:1–4-ஐ வாசித்துக் காட்டுங்கள். பொன்மோதிரத்தைப் பார்த்து இருக்கை போட்ட சபையைப் பற்றிய பகுதி அது.

வசனம் மனப்பாடம் ஆவதே இல்லை. வயது ஐம்பது.
*– செவிலியர், வேலூர்*

சிதறிய வசனங்களை எடுக்காமல் ஒரு முழுப் பகுதியை எடுங்கள். முந்தின வரி அடுத்த வரியை இழுத்துவரும். சங்கீதம் 15 நல்ல தொடக்கம், ஐந்தே வசனம். ‘ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்’ என்பது அதில்தான். வாரத்துக்கு ஒரு வசனம். முதல் நாள் கையால் எழுதி, ஐந்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுநாள் பார்க்காமல் மூன்று முறை. பிறகு நாலாம் நாள், ஏழாம் நாள், இரண்டாம் வாரம், ஒரு மாதம். முதல் நாளே நூறு முறை சொல்லிவிட்டுப் பத்து நாள் விடுகிறவர்களுக்குத்தான் மறக்கிறது. இடத்தின் எண்ணை வசனத்துக்கு முன்னும் பின்னும் சொல்லுங்கள். எண்தான் முதலில் நழுவும். வசனத்தின் பின்பாதி நிற்கவில்லையென்றால் பின்பாதியை முதலில் கற்றுக்கொண்டு முன்பாதியைச் சேருங்கள்.

மொபைலில் வாசிக்கலாமா?
*– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்*

வாசிக்கலாம் தம்பி. திறப்பதற்கு முன் ஃபிளைட் மோடில் போடுங்கள். வாட்ஸ்அப் சத்தம் ஒன்று போதும், மாற்கு மறந்துபோகும். செயலியில் தினம் வருகிற ‘இன்றைய வசனம்’ மட்டும் பார்ப்பதை வாசிப்பில் சேர்க்காதீர்கள். கண் தெரியாத பாட்டி தாத்தா வீட்டில் இருந்தால் ஒலி வேதாகமத்தைப் போட்டுவிடுங்கள். மாற்கு முழுவதும் கேட்க இரண்டு மணி நேரத்துக்குள்தான் ஆகும். ஒரே மாலையில் கேட்டுவிடலாம்.

வேதாகமத்தில் கோடு போடலாமா? கலர் பேனா மறுபக்கம் ஊறிவிடுகிறது.
*– வாசகி, தஞ்சாவூர்*

தாராளமாகப் போடலாம். வேதாகமத் தாள் மிக மெல்லியது, அதனால்தான் ஊறுகிறது. ஜெல் பேனா, மை ஹைலைட்டர் இரண்டும் ஆகாது. கலர் பென்சில் நல்லது; கூர் சீவாமல், சாய்த்துப் பிடித்து லேசாகத் தேயுங்கள். எழுதுவதற்குப் பால்பாயிண்ட், பக்கத்துக்கு அடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு. இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம்: கட்டளைக்கு ஒன்று, வாக்குத்தத்தத்துக்கு ஒன்று. ஏழு நிறம் வைத்தவர்கள் எந்த நிறம் எதற்கு என்பதையே மறந்துவிடுகிறார்கள். கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், நாளாக ஆக மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். மெல்லிய டிஷ்யூ தாளைக் கீற்றாகக் கிழித்து, மைதாப் பசை தொட்டு ஒட்டி, காயும்வரை பக்கங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள்.